பின்துடுப்பில் கட்டிய முடிச்சு

எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத ஒரே ஆண்பிள்ளை நான்தான். போகத் தெரியாதவன் என்பது சரியான சொல். படகில் கால் வைத்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டும். "இவன கடல்ல போட்டா மீனே மூக்கப் புடிச்சிக்கும்" என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்த நைனா, என்னை எழுத்துப் படிக்க அனுப்பினார். படித்த பிறகு பழவேற்காட்டுக் கோட்டையில், துணி மூட்டைகளுக்கு அடையாளம் போடும் வேலை கிடைத்தது. கோட்டை உலாந்தாக்காரர்களுடையது, டச்சுக்காரர்கள் என்றும் சொல்வார்கள். அவர்களின் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஆழ்கடலில் நிற்கும். மூட்டைகளை அலை தாண்டிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்ப்பது சலங்குக்காரர்கள் வேலை. எங்களிடம் ஒரு சலங்கு இருந்தது. நான் கரையில் நின்று மூட்டைகளை அனுப்புவேன். அண்ணன் அவற்றைக் கொண்டுபோவான்.

நடந்ததை முழுதாக அறிந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் போய்விட்டார்கள். யாருக்குத் தெரியக் கூடாது என்று நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோமோ, அந்த அண்ணியும் இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சலங்கு என்பது ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு. அலையில் மோதினால் உடையாது, நெளிந்து கொடுக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். ஆனால் படகின் உயிர் பின்னால் நிற்பவன் கையில் இருக்கிறது. அவன் பிடிக்கும் பின்துடுப்பு ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம். படகின் பின்முனையில் ஒரு கயிற்று வளையத்துக்குள் அதைச் செருகியிருப்பார்கள். முகத்துவாரத்தில் அலை எழும்பும்போது படகின் மூக்கை அலைக்கு நேராக வைத்திருப்பது அந்தத் துடுப்புதான். அது இல்லாவிட்டால் படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். பக்கவாட்டில் திரும்பிய சலங்கைக் கடல் புரட்டிப் போடாமல் விடாது.

எங்கள் பின்துடுப்பு பழையது. நைனா இளவட்டமாக இருந்தபோது செய்தது. இடுப்பு விட்டுப்போகும்வரை அதைப் பிடித்து நின்றவர் அவர். பிறகு அண்ணன் நின்றான். கைபட்டுக் கைபட்டு வழவழவென்று கறுத்திருக்கும். அந்தத் துடுப்பைப் பற்றி நைனாவிடம் யாரும் ஒரு சொல் குறைத்துப் பேசிவிட முடியாது. என்னைப் பற்றிப் பேசலாம், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

அண்ணி பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். அவர்கள் ஊரில் பெண்களும் ஆண்களும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அலை என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் முகத்துவாரத்தைப் பார்க்க அண்ணன் அவளை அழைத்துப் போனான். சலங்கு அலைமேல் செங்குத்தாக ஏறுவதைப் பார்த்தவள் வீட்டுக்கு வந்து சோறு உண்ணவில்லை. அன்றிலிருந்து அவன் போகும்போதெல்லாம் வாசலில் நிற்பாள். நின்று ஒன்றும் சொல்ல மாட்டாள். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். பயந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நினைப்பேன்.

ஒரு நாள் சொன்னாள். அதுவும் அண்ணனிடம் சொல்லவில்லை, நேராக நைனாவிடம்.

"மாமா, அந்தத் துடுப்பு ரொம்பப் பழசுன்னு சொல்றாங்க. புதுசு ஒண்ணு போடக் கூடாதா?"

நைனா கோபப்படவில்லை. அவள்மேல் அவருக்கு என்றைக்குமே கோபம் வந்ததில்லை. "பழசுன்னா இன்னாமா? ஆசாரி மாசாமாசம் பாத்துக்கினுதானே இருக்கான்? புது மரம் எப்ப இன்னா பண்ணும்னு எவனுக்குத் தெரியும்? இது எங்க வளையும், எம்மாம் வளையும்னு எனக்குத் தெரியும், உன் புருசனுக்குத் தெரியும்" என்றார்.

ஆசாரி பார்ப்பது எங்கள் கரையில் இருந்த வழக்கம். அமாவாசையன்று யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். காலையில் படகுக்குப் பூசை. அது முடிந்ததும் ஆசாரி தன் மரச்சுத்தியை, அந்தக் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு வருவார். துடுப்பைக் கழற்றி மணலில் இரண்டு கட்டைகள்மேல் கிடத்துவார்கள். அவர் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போவார், காதை வைத்துக் கேட்பார், கட்டைவிரலால் நீவிப் பார்ப்பார். நல்ல மரம் கணீரென்று சொல்லும், கெட்ட மரம் தொண்டை கட்டினாற்போல் சொல்லும் என்பார். பார்த்து முடித்ததும் அவருக்கு மீனும் நெல்லும் கொடுத்தனுப்புவோம்.

எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. கோட்டையில் வேலை பார்ப்பவன் என்ற மிடுக்கும் கொஞ்சம் இருந்தது. "மாசாமாசம் ஆசாரிக்குக் குடுக்கறதச் சேத்து வெச்சிருந்தா புதுத் துடுப்பே வந்திருக்கும் நைனா" என்றேன்.

"வந்திருக்கும். அந்தப் புதுசையும் ஆசாரி வந்து பாக்கணும் இல்ல? அதுக்கும் மீன் குடுக்கணும் இல்ல? கணக்கு படிச்ச லட்சணத்தப் பாரு" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நைனா சொன்னதிலும் நியாயம் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் கெட்டுப்போவது தெரிந்துவிடும், தெரிந்த அன்று மாற்றிக்கொள்ளலாம். தப்பு எங்கே என்று இன்றுவரை என்னால் அந்தப் பேச்சுக்குள் விரல் வைத்துக் காட்ட முடியாது.

அண்ணிக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிற்று. இரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் எங்கள் கரை அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மஞ்சள் நனைத்த துணியில் ஒரு காசை வைத்து, புருசன் தொழில் செய்யும் பொருளில் முடிச்சாகக் கட்ட வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு அம்மன் சந்நிதியில் அவிழ்க்க வேண்டும். நடுவில் கட்டியவளைத் தவிர யாரும் தொடக் கூடாது. மற்ற பெண்கள் வலையில் கட்டுவார்கள், படகின் மூக்கில் கட்டுவார்கள். அண்ணி பின்துடுப்பில் கட்டினாள். அவன் கை எங்கே இருக்கிறதோ அங்கே அம்மனும் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். கை படும் இடத்தில் கட்டினால் உறுத்துமே என்று, கயிற்று வளையத்துக்குச் சற்று மேலே கட்டினாள். சின்னத் துணியாகவும் கட்டவில்லை. புடவை முந்தானையைக் கிழித்து, நனைத்து, பல சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டினாள். அவள் பயத்தின் அளவு அந்தத் துணியில் தெரிந்தது.

அதற்குப் பிறகும் அமாவாசைகள் வந்தன, ஆசாரி வந்தார். தட்டிக்கொண்டே வருவார். முடிச்சு இருக்கும் இடம் வந்ததும் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு அதைத் தொடாமல் கும்பிடுவார். பிறகு அந்தப் பக்கம் போய் மறுபடி தட்டுவார். ஒவ்வொரு பூசைக்கும் அண்ணி அந்தத் துணிமேல் புதிதாக மஞ்சள் பூசுவாள், தண்ணீர் தெளிப்பாள். நைனா பார்த்துக்கொண்டிருப்பார், நானும் பார்த்துக்கொண்டிருப்பேன். துடுப்பில் ஒரு சாண் இடத்தை ஆசாரி பார்க்கவே இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது அம்மன் பார்த்துக்கொள்ளும் இடம். அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

மூன்றாவது தடவை பிள்ளை தங்கியது. வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தோம். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்ததும் அண்ணி மறுபடியும் துடுப்புப் பேச்சை எடுத்தாள். இந்தத் தடவை நைனா இறங்கி வந்தார்.

"சரிம்மா. இந்தப் பருவம் முடியட்டும். மழை நின்னதும் புதுசு போட்டுடலாம். புள்ளையும் பொறந்திருக்கும், நீயே வந்து பூச பண்ணு."

அவள் முகத்தில் அன்று பார்த்த சிரிப்பைப் போல அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை.

வாடைக் காற்று பிடிப்பதற்குள் கப்பல்களை அனுப்பிவிட வேண்டும் என்று கோட்டையில் அவசரப்படும் நாட்கள் அவை. அன்று காலையில் நான் கரையில் மூட்டைகளைப் பார்த்து ஏற்றினேன். அலை பெரிதாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய அலையில் அண்ணன் போனதுண்டு. புறப்படும்போது என்னைப் பார்த்து, "வர்றியாடா, ஒரு சுத்து?" என்றான். ஆட்கள் சிரித்தார்கள். முதல் அலையைத் தாண்டினார்கள். இரண்டாவதையும் தாண்டினார்கள். அடுத்தது எழும்பி வரும்போது படகு நேராகத்தான் ஏறியது. பிறகு அண்ணன் கையில் துடுப்பின் மேல்பாதி மட்டும் இருப்பதைப் பார்த்தேன். அவன் அதைப் பார்த்தான், அலையைப் பார்த்தான். படகு பக்கவாட்டில் திரும்பியது.

துடுப்புப் போட்டவர்கள் எல்லோரும் நீந்திக் கரைக்கு வந்தார்கள். அண்ணன்மேல் படகின் விளிம்பு விழுந்திருந்தது. வெயில் சாய்வதற்குள் கடல் அவனையும் கொண்டுவந்து போட்டுவிட்டது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுத முடியும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து திரும்பியபோது, கரையில் ஒதுங்கிய பொருட்களை யாரோ ஒன்றாகக் குவித்து வைத்திருந்தார்கள். அதில் துடுப்பின் மேல்பாதி கிடந்தது. ஆசாரி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். ஆசாரி எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, இதப் பாருங்க" என்றார்.

முறிந்த முனையில் அந்த மஞ்சள் துணி தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சு அவிழவில்லை. ஆசாரி அதை மேலே தள்ளிக் காட்டினார். துணிக்கு அடியில் இருந்த மரம் கறுத்துப் பூஞ்சை பிடித்து, ஊறிப்போயிருந்தது. நகத்தால் அழுத்தினார், நகம் உள்ளே போனது. கயிற்று வளையத்தின் பக்கம் துடுப்பு அதிகம் வளையும் இடம் அது. எப்போதோ மெல்லிய வெடிப்பு ஒன்று விட்டிருக்கிறது. உப்புத் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் துணியில் தங்கித் தங்கி அதற்குள் இறங்கியிருக்கின்றன. மரத்தின் உள்ளே வெகுதூரம்வரை மஞ்சள் கோடு ஓடியிருந்தது.

"கைய வெச்சிப் பாத்திருக்கணும்ணே. அம்மன் முடிச்சாச்சேன்னு வுட்டுட்டேன். ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி நவுத்திப் பாத்திருந்தா..." ஆசாரி மணலில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

நைனா அந்த மரத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் அழவில்லை. சுற்றுமுற்றும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். எங்கள் மூவரைத் தவிர ஒருவரும் இல்லை.

"அந்தப் பொண்ணு இதப் பாத்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

"பாக்கக் கூடாது. கேட்டியா? உன் வாயிலேர்ந்து இது வந்துது, அப்பறம் நான் உயிரோட இருக்க மாட்டேன்."

துணியை அவரே அவிழ்த்தார். அம்மன் முடிச்சை, சந்நிதி இல்லாத இடத்தில், பிள்ளை பிறப்பதற்கு முன்னால். காசை இடுப்பில் செருகிக்கொண்டார். மரத்தையும் துணியையும் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் என்னையே தீ மூட்டச் சொன்னார். ஈர மரம் புகைந்ததே தவிர எரியவில்லை. காய்ந்த ஓலையை அள்ளி அள்ளிப் போட்டேன். அந்தப் புகையைப் பார்த்துத்தான் அண்ணி வெளியே வந்தாள். நிறைமாதத்தை நெருங்கும் வயிறு. இரண்டு பெண்கள் பிடிக்க வந்தார்கள். அவள் அவர்களைத் தள்ளிவிட்டாள்.

"அது இன்னா எரியிது?"

நான் இன்னொரு கை ஓலையை அள்ளிப் போட்டேன்.

"அவரு துடுப்பா? அத ஏன் எரிக்கிறீங்க? எனக்குக் காட்டாம ஏன் எரிக்கிறீங்க? என் முடிச்சு எங்க?"

"முடிச்ச கடல் எடுத்துக்கிச்சிம்மா" என்றார் நைனா.

"ஆசாரி பாத்து நல்லாருக்குன்னு சொன்னாரே. நல்லாருந்த மரம் எப்படி முறியும்?" அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "எங்க முறிஞ்சிது? எந்த எடத்துல? சொல்லுங்க மாமா, எந்த எடத்துல?"

நான் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் எங்கே வந்து நிற்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நைனாவுக்கும் தெரிந்திருக்கிறது.

"அது நல்லால்ல" என்றார். "போன அமாவாசையே ஆசாரி சொன்னான். கீழ்ப்பக்கம் வெடிப்பு இருக்கு, இத எடுத்துக்கினு போவாதீங்கன்னான். நான்தான், பருவம் முடியட்டும், அதுவரைக்கும் தாங்கும்னு, யார்கிட்டயும் சொல்லாம வுட்டேன்."

அண்ணி அவரைப் பார்த்தாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சே அனுப்பினீங்களா மாமா?"

"ஆமாம்மா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது.

ஊருக்குச் செய்தி போக வெகுநேரம் ஆகவில்லை. பெற்ற பிள்ளையை வெடித்த துடுப்போடு கடலுக்கு அனுப்பியவன் என்று பேசினார்கள். நைனா கரைக்குப் போனால் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு காலத்தில் அவர் வாய் திறந்தால் கேட்டுக்கொண்ட கூட்டம் அது. ஆசாரி இரண்டொரு தடவை வீட்டுக்கு வந்து, "என்னால தாங்க முடில, சொல்லிடறேண்ணே" என்று கெஞ்சினார். நைனா அவரைத் திட்டி அனுப்பினார். பிறகு ஆசாரி எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஆசாரிக்கே தெரிலன்னு சொல்லியிருக்கலாமே நைனா. மரம் தானா முறிஞ்சிடிச்சின்னு சொன்னா போதாதா? நீங்க ஏன் தலைல போட்டுக்கினீங்க?"

"தானா முறிஞ்சிதுன்னா அவ நம்புவாளா? கேட்டுக்கினே இருப்பா. கேட்டுக் கேட்டு ஒரு நாளு அந்த முடிச்சாண்ட போய் நிப்பா" என்றார். "நின்னா, அவளும் இல்ல, வயித்துல இருக்கறதும் இல்ல. என்னத் திட்டிக்கினே உயிரோட கெடக்கட்டும். எனக்கு இன்னா, வயசாச்சி."

அண்ணி தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே பெண் குழந்தை பிறந்தது. செய்தி வந்த அன்று நைனா தனியாக அம்மன் கோயிலுக்குப் போய், இடுப்பில் வைத்திருந்த காசை உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். வேண்டுதல் முடிந்தது என்று நினைத்தாரோ, என்ன நினைத்தாரோ. நான் கேட்கவில்லை.

கோட்டையில் கூலி கிடைக்கும்போதெல்லாம் நான் அரிசி வாங்கிக்கொண்டு ஏரியைத் தாண்டிப் போவேன். ஏரிப் படகில்கூட எனக்கு வயிற்றைப் புரட்டும், இருந்தாலும் போவேன். அண்ணி எல்லோரையும் பற்றிக் கேட்பாள். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டதா என்றுகூடக் கேட்பாள். நைனாவைப் பற்றி மட்டும் கேட்க மாட்டாள். திரும்பி வந்தால் நைனா ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பார். நானாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பார். நானும் வேண்டுமென்றே சாப்பிட்டுக் கைகழுவும்வரை சொல்ல மாட்டேன். அப்போது மெதுவாகக் கேட்பார்: "மூக்கு யாரு மாரி?"

"அண்ணன் மாரிதான்."

"ம்" என்பார். அடுத்த தடவையும் அதையேதான் கேட்பார்.

ஒரு வருடம் அம்மன் திருவிழாவுக்கு அண்ணி தன் ஊர்ப் பெண்களோடு வந்திருந்தாள். குழந்தை அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தது. கூட்டத்தில் நைனா அதைப் பார்த்துவிட்டார். கிட்டே போகவில்லை, கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தார். அண்ணி அவரைக் கண்டதும் குழந்தையைத் தூக்கி, முந்தானையால் அதன் முகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். அவர் பார்த்தது அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து, "நீ சொன்னது சரிதான்டா, அவன் மூக்குதான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே போய்விட்டேன்.

நைனா படுத்த படுக்கையாகி வெகுநாள் கிடக்கவில்லை. கடைசி நாட்களில் நான் அண்ணிக்கு ஆள் அனுப்பினேன். வரவில்லை. போய்ச் சேர்ந்த செய்தி சொல்லி அனுப்பியபோது வந்தாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். ஊர் அதிகம் வரவில்லை. வந்தவர்களும் சீக்கிரம் முடித்துவிட்டுப் போக நினைப்பவர்களாகத் தெரிந்தார்கள்.

வாய்க்கரிசி போடும் நேரத்தில், பேத்தி இருக்கிறாள், அவள் போடட்டும் என்று யாரோ சொன்னார்கள். குழந்தையின் கையில் ஒரு பிடி அரிசியைக் கொடுத்தார்கள். அண்ணி என்னைத் தனியாக வேலியோரம் கூப்பிட்டாள். குழந்தை அரிசியை இறுக்கி மூடிக்கொண்டு கூடவே வந்தது.

"தம்பி, எனக்கு ஒண்ணு சொல்லு" என்றாள். "இத்தினி வருசமா மனசுக்குள்ள கெடக்குது. புள்ள மேல அம்மாம் உசுரா இருந்த மனுசன். எனக்குக் கூட ஒரு நாளு கோவமாப் பேசினதில்ல. தெரிஞ்சேவா அனுப்பியிருப்பாரு? வேற எதாச்சும் இருக்கா? இருந்தா சொல்லிடு. நான் அவரு காலத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போறேன்."

அவள் கண் என்னையே பார்த்தது. உள்ளே நைனா கிடந்தார். நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று இனி அவரால் யாரையும் மிரட்டவும் முடியாது. ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லில் அவர் நல்லவராகிவிடுவார், ஊர் முழுக்க வந்து அவரைத் தூக்கும். அதற்குப் பிறகு இவள் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரியைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டும். நான் குழந்தையைப் பார்த்தேன்.

"வேற ஒண்ணும் இல்ல அண்ணி" என்றேன். "தெரிஞ்சேதான் அனுப்பினாரு."

அவள் தலையை ஆட்டினாள். குனிந்து, குழந்தையின் மூடிய கையைப் பிரித்து, விரல் விரலாகப் பிரித்து, அரிசியை மணலில் கொட்டினாள். பிறகு அதன் உள்ளங்கையைத் தன் புடவையில் துடைத்துவிட்டு, அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தாள். நான் உள்ளே போய் நைனாவுக்கு அரிசி போட்டேன். தூக்குவதற்கு நான்கு பேர் இருந்தார்கள், அது போதுமாக இருந்தது.